ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம்

நாலு ஊக்கில் ஒன்று குத்துகிறது. வலது பக்கம் கீழே இருப்பது. அவர் குத்திவிட்டால் எதுவும் உறுத்தாது, ஆனாலும் உறுத்துகிறது, இன்றைக்கு அவர் கை சரியில்லை, இல்லாவிட்டால் என் மனசு சரியில்லை. பனியனில் நம்பர் அட்டையைக் குத்துவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. முதலில் மேலே இரண்டு, பிறகு கீழே இரண்டு, குத்தி முடிக்கும்வரை நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓடறப்ப நெஞ்சு விரியும் அம்மிணி, அதுக்கு இப்பவே எடம் உட்டுக் குத்தோணும் என்பார். பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் நடத்துகிறவர், அட்டை ஒரு நூல் கோணினாலும் கழற்றித் திரும்பக் குத்துவார். அட்டையின் பின்பக்கத்தில் என் ரத்த வகையையும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் நாச்சிமுத்து, கணவர் என்றும், கீழே தன் போன் நம்பரையும் அச்சடித்ததுபோல எழுதியிருக்கிறார். அதிகாலை இருட்டில், ஸ்டேடியத்துக்கு வெளியே, ஸ்கூட்டர் விளக்கு வெளிச்சத்தில் அவர் குத்திக்கொண்டிருந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அவர் ஷூ கண்ணில் பட்டது. கூட்டத்துல செருப்போட நின்னா மிதிச்சுப் போடுவானுக என்று சொல்லி அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஷூவின் நுனியில் பொட்டு இல்லை. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. எங்கீங்க பொட்டு என்றேன். பால் வாங்கப் போறப்பப் போட்டுட்டுப் போனேன், அழிஞ்சிருக்கும் என்று சொல்லி நாலாவது ஊக்கைக் குத்தினார். அதுதான் இப்போது உறுத்துகிறது.

மூன்றாவது கிலோமீட்டர் பலகை வந்துவிட்டது. ரேஸ்கோர்ஸ் மரங்களுக்குக் கீழே இன்னும் விடியவில்லை, மேலே மட்டும் வானம் வெளுத்திருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும், இந்த ஓட்டத்தை நடத்துகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். இருபத்தொரு கிலோமீட்டருக்கும் பலகை, பலகைக்குப் பலகை ஆள், ஆளுக்கு ஒரு சிரிப்பு. பையை வாங்கி வைக்கிற இடத்தில் தள்ளுமுள்ளு இல்லை. கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, வாளி இருக்கிறது, வாளிக்குள் கோப்பையும் இருக்கிறது. எங்கள் சொந்தத்தில் எத்தனையோ கல்யாணம் பார்த்துவிட்டேன், முதல் பந்திக்கே ரசம் வராத கல்யாணம் எல்லாம் உண்டு, இங்கே ஆயிரக்கணக்கான பேருக்குத் தண்ணீர் தம்ளர் பாதி நிரப்பித் தயாராக இருக்கிறது. முழுசாக நிரப்பினால் ஓடுகிறவர்கள் மூக்கில் போகும் என்று யோசித்த புண்ணியவான் யாரோ. மின்வாரிய அலுவலகத்தில் கரண்டு பில் கவுண்டருக்குப் பின்னால் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வரிசை ஒழுங்காக நகர்ந்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பால் வாங்கப் போனதில் பொட்டு அழியுமா. பால் பூத் தெருமுனையில் இருக்கிறது. வாசலில் இருந்து அதுவரைக்கும் சிமெண்டு ரோடு. சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தது, காய்ந்தால் நகத்தால் சுரண்டினால்தான் போகும். என் ஷூப் பொட்டு எப்படிப் போனது. மைதானத்துப் புல்லில், பனியில், மூன்றாவது நாளோ நாலாவது நாளோ. சரி, விடு. ஓட்டத்தைப் பார்.

மெதுவாக ஓடு. இது போட்டி இல்லை, பயிற்சி. ஜோசப் மாஸ்டர் நேற்றுகூட போனில் சொன்னார், கலாமணி மேடம், உங்க போட்டி ஜனவரியில, சென்னையில, நாப்பத்தி ரெண்டு கிலோமீட்டர், இன்னிக்கு யாராவது முந்திப் போனா வழி விட்டுக் கும்பிடுங்க. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்பது அவர் கட்சி. ஒரு சொல், இரண்டு சொல் கணக்கில்லை, ஒரு முழு வாக்கியம், நடுவில் மூச்சு வாங்காமல். வாக்கியம் உடைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் துடிப்பு எண்ணும் பட்டை கட்டி, கையில் கடிகாரம் கட்டி, அதைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், மாஸ்டரிடம் பழகியவர்களுக்கு வாக்கியம்தான் கடிகாரம். எங்கள் குழுவில் எல்லோரும் ஓடும்போது வாய் ஓயாமல் பேசுவதைப் பார்த்து மைதானத்தில் நடக்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று சத்தமாகவே சொல்கிறேன், இன்னைக்கு மத்தியானம் அரிசியும் பருப்புஞ் சோறு ஆக்கி அதுல ரெண்டு கரண்டி நெய்ய ஊத்தி அப்பளத்தச் சுட்டுக் கொடுத்தா ஒரு வேலை முடிஞ்சுது. உடையவில்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மஞ்சள் பனியன்காரர் திரும்பிப் பார்த்தார். "ஆக்குங்க, நல்லாத்தான் இருக்கும்" என்றார். அவருக்கு மூன்று சொல்லுக்கே மூச்சு வாங்கியது, வேகத்தைக் குறைங்க என்று சொல்ல நினைத்தேன், முகம் தெரியாதவருக்கு எதற்குப் புத்திமதி. சிரித்துக்கொண்டே முந்திப் போய்விட்டார். வழி விட்டேன், கும்பிடவில்லை.

யாராவது முந்திப் போனால் எனக்கு முதுகுதான் தெரியும். ஆறு வருஷமாக எனக்குத் தெரிந்த முதுகு ஒன்றுதான். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடந்தால்தான் ஆச்சு என்று டாக்டர் சொன்ன வாரமே என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அவர் அதற்கும் முன்னால் இருந்தே ஓடிக்கொண்டிருந்தவர். முதல் மாசம் நடை, இரண்டாம் மாசம் நடையும் ஓட்டமும், பிறகு அவர் முன்னால், நான் பின்னால். வலது தோளைக் கொஞ்சம் இறக்கி ஓடுவார், கழுத்துக்குக் கீழே வியர்வை முதலில் ஒரு மாங்காய் அளவு நனைந்து பிறகு பரவும். அது பரவுகிற அளவை வைத்தே எத்தனை தூரம் வந்தோம் என்று சொல்லிவிடுவேன். திரும்பவே மாட்டார். ஓடறப்பத் திரும்பக் கூடாது அம்மிணி, கழுத்துப் புடிக்கும், வேகம் போயிரும். திரும்பாமலே, வர்றயா என்று மட்டும் கேட்பார், வர்றனுங்க என்பேன். நேருக்கு நேர் நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. இப்போது முன்னால் அந்த முதுகு இல்லை. ஜூன் மாசத்தில் இருந்து இல்லை. இதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் என்ன பெண்பிள்ளை இவள் என்பார்கள், அந்த முதுகு இல்லாமல் போனபிறகு நான் இன்னும் நன்றாக ஓடுகிறேன். துரத்த எதுவும் இல்லை, பிந்திவிடுவோமோ என்ற பதைப்பு இல்லை, என் கால் என் வேகத்துக்கு விழுகிறது. முதல் நாள் அது தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து எப்படி ஓடினே என்று அவர் கேட்டபோது, நீங்க இல்லாம ஓடவே புடிக்கலீங்க என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது, பொய் சொன்னாலும் நல்ல பொய்தான்.

ஏழா, எட்டா. ஆரஞ்சுச் சுளையில் உப்புத் தூவிக் கொடுக்கிறார்கள், கல்லூரிப் பெண்கள், கையில் உறை மாட்டிக்கொண்டு. உப்பும் புளிப்பும் நாக்கில் பட்டதும் மே மாசம் நினைவுக்கு வருகிறது, அன்றைக்கும் ஆரஞ்சு உரித்து வைத்திருந்தேன். வ.உ.சி. மைதானத்தில் கடைசிச் சுற்று. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த முதுகு திடீரென்று உயரம் குறைந்தது. விழவில்லை, உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். கண்ணைத் திறந்து முதலில் கேட்டது கடிகாரத்தை நிறுத்தினயா என்றுதான். நான் வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு சின்ன வயசு டாக்டர் பேனாவால் மாம்பழம் மாதிரி வரைந்து, இந்தச் சுவர் தடிச்சிருக்குங்க சார், பொறவியிலயே இருந்திருக்கும், ஓடினா துடிப்பு தாறுமாறாப் போகும், போனா நமக்கு டைம் கொடுக்காது என்றார். நடக்கலாமா. நடங்க, நல்லா நடங்க, மாத்திரைய விடாதீங்க. ஓடக் கூடாதா. கூடாதுங்க சார். எவ்வளவு மெதுவாவும் கூடாது. இவர் படத்தின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், கோடு கோணலாக இருக்கிறது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சரிங்க டாக்டர், உட்டாச்சு என்றார். அவ்வளவுதான். காய்கறிக் கடையில் கொத்தமல்லி கொசுறு கொடுக்கவில்லை என்று கால் மணி நேரம் நிற்கிற மனுஷன், பன்னிரண்டு வருஷ ஓட்டத்தை ஒரு வார்த்தையில் விட்டுவிட்டார். அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். ஷூவைத் துடைத்துக் காகிதம் திணித்து மேல் தட்டில் வைத்தார். ஆயுத பூஜைக்கு மட்டும் எடுத்தார். ஓடாத ஷூவுக்கு எதுக்குங்க பொட்டு என்று வாய் வரை வந்துவிட்டது. மெக்கானிக் ஸ்பேனருக்கு வெக்கறான், டிரைவர் சக்கரத்துக்கு வெக்கறான், நமக்கு இதுதான் ஆயுதம் என்று எங்கள் இரண்டு ஜோடியையும் தினசரித்தாள் விரித்து வைத்து, சாமி படத்துக்குக் கொஞ்சம் தள்ளி மரியாதையாக, நாலு நுனியிலும் பொட்டு வைத்தார். பாவமாக இருந்தது. சுண்டலைத் தாளித்தேன்.

வாலாங்குளம் வந்துவிட்டது. குளத்துக் காற்று முகத்தில் அடிக்கிறது, கொஞ்சம் நாற்றம்தான், ஆனாலும் குளிர்ச்சி. தண்ணீரில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு நிற்கின்றன, எங்களைப் பார்த்து ஒன்றும் அசையவில்லை. கரையில் ஜமாப் மேளம் அடிக்கிறார்கள், அந்த அடிக்குக் கால் தானாகத் துள்ளும், இங்கேதான் பலபேர் கெட்டுப்போவது, மேளத்துக்கு ஓடிவிட்டு அடுத்த கிலோமீட்டரில் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் மேளத்தைக் கேட்கிறேன், காலுக்குக் கேட்கவிடவில்லை. சொன்னபடியே ஒருவர் பிளாட்பாரத்தில் மல்லாந்து கிடக்கிறார். அந்த மஞ்சள் பனியன்காரர். இரண்டு பிள்ளைகள் காலைத் தூக்கி மருந்து பீய்ச்சுகிறார்கள். நிற்காமல் முகத்தைப் பார்த்தேன், சிரிக்கிறார், கெண்டைக்கால் பிடிப்புதான். என் வீட்டுக்காரர் இங்கே கிடக்க மாட்டார் என்று தெரிந்தும் ஒரு கணம் அவர் முகத்தைத் தேடினேன். இந்த மஞ்சள் பனியன்காரருக்கு ஒன்று ஆனால் இப்படிப் பிள்ளைகள் வருவார்கள், அட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள், நம்பர் இருக்கும். ஒழுங்காக நடத்துகிற இடத்தில் விழுவதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நீண்ட ஓட்டம் முடித்து வீட்டுக்கு வரும்போது அவர் குளித்து, நெற்றியில் திருநீறு இட்டு, ஈரத் தலையோடு பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் குளிக்காத மனுஷன். பக்தி முத்திப்போச்சுங்களா என்று கேலி பண்ணினேன். வயசாகுதில்ல அம்மிணி என்றார். குளியலறையில் அவர் பனியன் தனியாக அலசிப் போட்டிருக்கும், துணிகூட அலசிப் போடுகிறாரே என்று அக்கத்துப் பக்கத்தில் பெருமை பேசினேன். பெருமை. பொட்டு. ஈரத் தலை. அலசிப் போட்ட பனியன். இல்லை, இதையெல்லாம் ஒன்றாகச் சேர்க்காதே. சேர்த்தால் ஓட முடியாது. பதிமூன்றாவது பலகை.

பதினைந்துக்குப் பிறகு கொஞ்சம் கூட்டலாம் என்று மாஸ்டர் அனுமதி கொடுத்திருந்தார், ஜனவரியில் ஓட வேண்டிய வேகத்துக்கு. கூட்டுகிறேன். உடம்பு கேட்டுக்கொள்கிறது. திருச்சி ரோட்டில் வெயில் இறங்குகிறது, ஒரு பக்கம் கயிறு கட்டிப் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஜன்னலில் இருக்கிற முகமெல்லாம் இவங்களுக்கு வேற வேலை இல்லையா என்று பார்க்கிறது. இல்லைதான். ஐம்பதை நெருங்குகிற பெண்பிள்ளை நடுரோட்டில் ஓட இந்த ஊர் வழிவிட்டு நிற்கிறது. வியர்வை கண்ணில் இறங்கி எரிகிறது, தொடையில் நல்ல வலி, கெட்ட வலி இல்லை. எவ்வளவு பிடித்திருக்கிறது எனக்கு இது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவருக்காக ஓடவில்லை, சர்க்கரைக்காக ஓடவில்லை, இப்படியே ஓடிக்கொண்டே இருக்கப் பிடித்திருக்கிறது. அந்தச் சின்ன டாக்டர் எனக்கு எதிரே உட்கார்ந்து மாம்பழம் வரைந்து, மேடம் இனிமே ஓடக் கூடாதுங்க என்று சொன்னால் நான் என்ன செய்வேன். சரிங்க என்பேன். ஷூவைத் துடைத்து வைப்பேன். பிறகு. வீட்டில் யாரும் இல்லாத ஒரு காலை நேரம் வரும். அப்போது என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது.

பத்தொன்பதாவது பலகைக்குப் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருந்தார். தூரத்திலேயே தொப்பி தெரிந்தது. எலுமிச்சையும் உப்பும் கலந்த பாட்டிலை மூடி திறந்து கையில் வைத்திருந்தார். நான் நிற்க வேண்டாம் என்று, நான் வந்து சேர்வதற்கு முன்பே அவர் ஓட ஆரம்பித்து, பக்கத்தில் சேர்ந்துகொண்டு பாட்டிலைக் கொடுத்தார். ரோட்டோரம் நிற்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், பத்தடி ஓடிவிட்டு நின்றுவிடுவார்கள். நான் குடித்தேன். எனக்கு மூச்சு இரைத்தது. அவர் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார்.

"மடக்கு மடக்காக் குடி அம்மிணி, ஒரே மூச்சாக் குடிச்சா வகுத்தப் புடிக்கும், முன்னால பச்சைக் கொடி கட்டிட்டு ஒருத்தன் போறான் பாரு, அவன் பின்னால போற கூட்டம் சுங்கம் ஏத்தத்துல எப்படியும் கொறைக்கும், நீ இப்படியே போனீனாப் புடிச்சரலாம், ஆனாப் புடிக்கோணும்னு அவசியமில்ல, மாஸ்டர் சொன்னத மறந்தராத."

கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது. ஆறு மாசத்துக்குப் பிறகு பக்கத்தில் அந்தக் குரல், அந்தக் காலடி, என் காலடியோடு சேர்ந்து. வர்றனுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகுதான் அந்த வாக்கியம் முழுசாக வந்து விழுந்தது. எங்கும் உடையாத வாக்கியம். நடுவில் ஒரு இழுப்பு இல்லை, ஒரு விக்கல் இல்லை. என் வேகத்தில் ஓடிக்கொண்டே சொன்னார். பயிற்சியில் இருக்கிற எனக்கு வரவில்லை, ஜூனில் இருந்து நடக்க மட்டும் செய்கிறவருக்கு வந்தது. நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் இடித்துக்கொள்ளாமல் விலகி ஓடினார்.

"ஏன் நின்னுட்ட? காலுப் புடிச்சுதா?"

"உங்களுக்கு மூச்சே வாங்கலீங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஷூவைப் பார்த்தார். ஓட்டம் தெரியாத மனுஷனாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். இவருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும், அதனால் சமாளிக்க வழியில்லை.

"எப்ப இருந்துங்க?"

"ஆயுத பூசை முடிஞ்சு." குரல் இறங்கிவிட்டது. "நம்ம லே-அவுட்டுக்குப் பின்னால காடு இருக்குதில்ல, அங்க. மெதுவாத்தான். நீ போனதுக்கப்புறம் போயிட்டு, நீ வர்றதுக்குள்ள வந்துருவேன்."

"அங்க ஆளே இருக்காதுங்களே."

"அதுக்குத்தான் அங்க போறது."

"விழுந்தீங்கன்னா?"

"விழல."

"நான் வீட்டுக்கு வந்து, சரி, கடைக்குப் போயிருப்பார்னு நெனச்சுட்டுக் காப்பி குடிச்சுட்டு உக்காந்திருப்பேன். உங்க நெஞ்சுல அட்டைகூட இல்ல. பொறட்டிப் பாத்தாப் போன் நம்பர்கூட இல்ல. ஆரோ ஒருத்தராக் கெடப்பீங்க."

கோபம் வரும் என்றுதான் நினைத்தேன், அழுகைதான் வந்தது. வியர்வையோடு சேர்ந்து போய்விட்டது, யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நீ ஓடறப்ப என்னால வீட்டுல உக்கார முடியல அம்மிணி என்றார், அவ்வளவுதான். நான் நடக்க ஆரம்பித்தேன். பிளாட்பாரத்தில் அவரும் நடந்தார். வேகம் காட்டி ஓடுகிற அடுத்த கொடிக்காரர் பின்னால் ஒரு கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது, வாங்க மேடம் வாங்க என்று ஒருத்தி கையை நீட்டிக்கொண்டே போனாள். அவர் அந்தக் கூட்டத்தையே பார்த்தார். நான் முந்தப்படுவதை அவரால் பார்க்க முடியாது, எனக்குத் தெரியும்.

"ஓடு அம்மிணி. அத்தன பயிற்சியும் வீணாப் போகுது."

"நீங்க நின்னா நான் ஓடறேன்."

"நின்னுட்டுத்தான இருக்கறேன்."

"இப்படி இல்லீங்க. அந்தப் பலகைகிட்டப் போயி நில்லுங்க. நான் முடிச்சுட்டு நடந்து திரும்பி வர்ற வரைக்கும் நகரக் கூடாது. குறுக்கால வந்து முடிக்கற எடத்துல நிக்கறது, போட்டோ எடுக்கறது, ஒண்ணும் வேண்டாம். நின்னுட்டே இருக்கோணும்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார், வலது தோள் கொஞ்சம் இறங்கிய அதே முதுகு. பலகைக்குப் பக்கத்தில் போய் என்னைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் ஓட ஆரம்பித்தேன். முப்பது அடி போனதும், கழுத்துப் பிடித்தால் பிடிக்கட்டும் என்று திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தார். ரோடு வளைந்தது, பிறகு தெரியவில்லை.

சுங்கம் ஏற்றம். சொன்னபடியே எல்லோரும் குறைக்கிறார்கள். நான் யாரையும் பிடிக்கவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. நிற்பாரா. இந்நேரம் குறுக்குச் சந்தில் ஓடி வந்து எனக்கு முன்னால் கைதட்டிக்கொண்டு நின்றால் நான் என்ன செய்வேன். நிற்கச் சொல்ல நான் யார். நெஞ்சில் அட்டையைக் குத்திக்கொண்டு, ஊர் முழுக்க வழிவிட, ஓடிக்கொண்டிருக்கிறவள் ஓட முடியாதவரிடம் நில் என்கிறேன். என்னால் முடியாததை அவரிடம் கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டேன், திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். பன்னிரண்டு வருஷம் ஓடினார், இருக்கட்டும், எனக்கு அவர் வேண்டும். ஓடாவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கொத்தமல்லிக்குச் சண்டை போட்டுக்கொண்டு பேப்பரைக் கலைத்துப் போட்டுக்கொண்டு இருக்கட்டும், இருக்க வேண்டும். இருபதாவது பலகை. மைக்கில் பெயர் கூப்பிடுகிறார்கள், கலாமணி, கோயம்புத்தூர், வாங்க கலாமணி. முடிவுக் கோட்டில் விரித்த பாயை மிதித்தேன், ஏதோ பீப் என்றது. ஒரு பெண் கழுத்தில் பதக்கத்தை மாட்டினாள். வலது பக்கம் தண்ணீர், இடது பக்கம் வாழைப்பழம், நேரே போனால் பொங்கல் வடை, அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள், எதிலும் குறை சொல்ல முடியாது. போட்டோ எடுக்கும் இடத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள். வேண்டாங்க என்று கயிற்றைத் தூக்கி வெளியே வந்தேன். அந்தப் பக்கம் வழி இல்லைங்க மேடம் என்றான் ஒரு பையன். தெரியுங் கண்ணு என்றேன்.

எதிர்த்திசையில் பிளாட்பாரத்தில் நடந்தேன். நின்று போன கால் மறுபடி நடக்கும்போது மரக்கட்டைதான். எதிரே வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் மெல்ல ஓடுகிறவர்கள், குண்டானவர்கள், வயசானவர்கள், முகமெல்லாம் உப்புப் பூத்தவர்கள், பதக்கத்தைப் பார்த்துவிட்டு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். பக்கம்தாங்க, வந்தாச்சு என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன். வளைவு வந்தது. வளைவைத் திரும்புவதற்கு முன்னால் கொஞ்சம் நின்றேன், மூச்சு வாங்க இல்லை.

நின்றுகொண்டிருந்தார். விட்ட இடத்தில், பலகைக்குப் பக்கத்தில், கையில் காலிப் பாட்டிலோடு. வெயில் நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, இரண்டடி தள்ளி மர நிழல் இருந்தது, அதற்குக்கூடப் போகவில்லை. ஓடி வருகிறவர்களில் யாரோ தன்னார்வலர் என்று நினைத்து அவரிடம் தண்ணீர் கேட்டிருக்க வேண்டும், காலிப் பாட்டிலைக் காட்டிக் கையை விரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு அடி எடுத்து வைக்கப் போனார், வைக்காமல் நான் வந்து சேரும்வரை அப்படியே நின்றார்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சுட்டனுங்க."

"ஏத்தத்துல கொறைச்சானுகளா?"

"கொறைச்சாங்க."

"நாஞ் சொல்லல?" பிறகு குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "காலெல்லாம் வலிக்குது அம்மிணி. ஓடறப்ப இத்தன வலிச்சதே இல்ல."

பிளாட்பார விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். ஓட்டத்தைப் பார்த்தவாறே லேஸை அவிழ்த்தார், ஒன்று, பிறகு இன்னொன்று. கழற்றிய ஷூவைக் காற்றாட வைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். இரண்டு லேஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டார், கோணாமல், அளவாக. எழுந்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். உள்ளே இன்னும் சூடாக இருந்தது. ஜனவரியில நாப்பத்தி ரெண்டு பலகை இருக்கும், எந்தப் பலகைகிட்ட நிக்கோணும்னு இப்பவே சொல்லீரு என்றார். அவர் காலுறையோடு முன்னால் நடந்தார், ஸ்கூட்டர் நிறுத்திய பக்கம், ஒரு கல் தடுக்கி முனகிக்கொண்டு. நாளையில் இருந்து காலையில் முதலில் உங்களோடு நடந்துவிட்டுத்தான் நான் ஓடப் போவேன் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தேன். ஓடிக்கொண்டே சொன்னபோது உடையாத வாக்கியம் நடக்கும்போது உடைந்துவிட்டது.

"வர்றயா?" என்றார், திரும்பாமல்.

"வர்றனுங்க."